ஓரிகன் கடற்கரையின் ஹைக்கர்-பைக்கர் முகாம்கள்: ரக்கூனும் பக்கத்து ஆர்வியும் வந்து சேரும் ஒரே மேசை

அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் 101-ஆம் நெடுஞ்சாலையில் டென்ட்டும் பைகளும் கட்டிக்கொண்டு சைக்கிளில் தெற்கே இறங்குகிறவர்களுக்கு, ஓரிகன் மாநிலப் பூங்காக்கள் ஒரு வசதி வைத்திருக்கின்றன. பெயர் ஹைக்கர்-பைக்கர் முகாம். காரில்லாமல், நடந்தோ சைக்கிள் மிதித்தோ வந்து சேருகிறவர்களுக்கு மட்டுமான இடம். முன்பதிவு கிடையாது. ஆகஸ்ட் சனிக்கிழமையன்று பூங்கா வாசலில் 'இடம் இல்லை' பலகை தொங்கும், காரில் வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். சைக்கிளில் வந்தவருக்கு மட்டும் உள்ளே மரத்தடியில் டென்ட் போடும் அளவுக்கு மண் கிடைத்துவிடும். கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள், கார் இடத்துக்கு ஆவதில் அது சின்னப் பங்குதான். அண்மையில் பூங்காக் கட்டணங்கள் ஏறியிருப்பதால் கிளம்புமுன் பூங்காத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுமான வேலைக்காகச் சில முகாம்களை மாதக்கணக்கில் மூடுவதும் உண்டு. அதுவும் அங்கேயே தெரியும்.

இந்தக் கரையில் ராத்தங்கலுக்கு இதைவிட நல்ல இடம் நான்கு மடங்கு கொடுத்தாலும் அமையாது என்பதே எங்கள் தீர்ப்பு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இங்கே எல்லாமே பொது. ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒரு மேசையில் சமைத்துச் சாப்பிடுகிற இடம். பக்கத்து ஆர்வி (படுக்கையும் சமையலறையும் வைத்த வீட்டு வண்டி) வண்டிக்காரர்கள் தட்டில் எதையாவது ஏந்திக்கொண்டு வருவதும் அந்த மேசைக்குத்தான், இருட்டியதும் சாப்பாடு திருட ரக்கூன் என்னும் காட்டுப் பிராணி ஏறி வருவதும் அதே மேசைக்குத்தான். இந்த இரண்டு விருந்தாளிகளையும் ஒருசேரச் சமாளிக்கத் தெரிந்திருந்தால் பயணம் நன்றாக அமையும். முகாமைப் பற்றிய குறைகளில் பெரும்பாலானவை அந்தப் பழக்கம் இல்லாததால் வருபவை.

முதலில் வழி. கோடையில் இங்கே காற்று வடமேற்கிலிருந்து அடிக்கும், அதனால் வடக்கிலிருந்து தெற்கே போவதுதான் முறை. எதிர்த்திசையில் போனால் மதியம் இரண்டு மணிக்குமேல் சமதரையும் மேடாகத் தெரியும். தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம், நம் ஓரத்திலேயே இருக்கும் என்பது கூடுதல் லாபம். அஸ்டோரியாவை அடுத்த ஃபோர்ட் ஸ்டீவன்ஸில் தொடங்கி, நெஹலெம் பே, கேப் லுக்அவுட், பெவர்லி பீச், ஹனிமன், சன்செட் பே, புல்லர்ட்ஸ் பீச், ஹம்பக் மௌன்டன், ஹாரிஸ் பீச் என்று முகாமுள்ள பூங்காக்கள் வழியே கலிஃபோர்னியா எல்லைவரை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். கேப் லுக்அவுட்டிலிருந்து பெவர்லி பீச், அங்கிருந்து ஹனிமன், அங்கிருந்து சன்செட் பே என்ற மூன்று நாள்கள் ஒவ்வொன்றும் 90 கிலோமீட்டரை ஒட்டி வரும். மற்றவை 40 முதல் 80-க்குள். பாரம் 20 கிலோவுக்கு மேல் இருந்தால் 90 என்பது முழுநாள் வேலை, ஏற்றங்கள் அப்படி. வடக்கே வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வருகிறவர்கள் அஸ்டோரியா-மெக்லர் பாலத்தின் 6.5 கிலோமீட்டரைக் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது. மதியத்துக்குமேல் அங்கே கொலம்பியா ஆற்றின் முகத்தில் குறுக்குக் காற்று எழும்.

'கடற்கரைதான் விரிந்து கிடக்கிறதே, மணலிலேயே படுத்தால் என்ன?' என்று தோன்றும். ஓரிகனில் கடற்கரை முழுக்கப் பொதுமக்களுக்குத் திறந்ததுதான். 1913-இல் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் ஈரமணலைப் பொதுவழி என்று சட்டமாக்கினார், 1967-இல் வந்த கடற்கரைச் சட்டம் உலர்மணலிலும் பொதுமக்களின் உரிமையை உறுதிசெய்தது. உரிமை இருக்கிறது என்பதற்காக டென்ட் போட்டுவிட முடியாது. மாநிலப் பூங்காக்களை ஒட்டிய மணலிலும் பல ஊர் எல்லைகளிலும் இரவு தங்கத் தடை. மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை ஸ்னோயி ப்ளவர் என்னும் சின்ன உப்புக்கொத்தி உலர்மணலில் குழி பறித்து முட்டையிடும் காலம். கயிறும் பலகையும் வைத்த இடங்களில் சைக்கிளை உருட்டிக்கொண்டுகூட உலர்மணலுக்குள் போகக் கூடாது. முட்டை மணல் நிறத்திலேயே இருப்பதால் மிதித்தவருக்கே மிதித்தது தெரியாது.

முகாமுக்கு வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியது எளிது. வாசல் அறையில் ஆள் இருந்தால் அங்கேயே பணம் கட்டலாம். மூடியிருந்தால் பக்கத்தில் உறைகள் இருக்கும். பெயர், தேதி, தொகை எழுதிப் பணத்தை உள்ளே வைத்து இரும்புப் பெட்டியில் தள்ளிவிட்டு, கிழிக்கும் துண்டை மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். 1 டாலர், 5 டாலர் தாள்களும் ஒரு பேனாவும் ஹேண்டில்பார் பையிலேயே இருக்கட்டும். பெட்டி சில்லறை தராது. முகாமுக்குப் போகும் வழிப்பலகை சிறியது, சைக்கிளும் நடப்பவரும் வரைந்த படம் மட்டும் இருக்கும். பல பூங்காக்களில் காரில் வருகிறவர்கள் தங்கும் பாதை வளையங்களைத் தாண்டி, கடைசியில் மரக்கூட்டத்துக்குள் ஒதுங்கியிருக்கும் இடம்தான் நமக்கானது.

உள்ளே குடிநீர்க் குழாய், மேசை, நெருப்புக் குழி எப்போதும் உண்டு. ஓரிகனில் வெந்நீர்க் குளியலுக்குத் தனிக்காசு கிடையாது. மழையில் நனைந்து வருகிறவருக்கு இந்த ஒன்றுக்காகவே கட்டணம் தகும். சில பூங்காக்களில் யுஎஸ்பி முனையோடு கூடிய பூட்டுப்பெட்டிகளும், கருவிகள் கம்பியில் தொங்கும் பழுதுபார்க்கும் கம்பமும் வைத்திருக்கிறார்கள். பெட்டிக்கு உங்கள் பூட்டையே கொண்டுபோங்கள், 40 மில்லிமீட்டர் சின்னப் பூட்டு போதும். தொங்கும் கருவிகளை நம்பி உங்கள் ஆலன் சாவியை வீட்டில் விட்டுவிடாதீர்கள். பொதுக் கருவியில் முதலில் தேய்வது 4, 5 மில்லிமீட்டர் சாவிகளின் முனைதான். தேய்ந்த சாவியைத் திணித்துத் திருகினால் உங்கள் ரேக் போல்ட்டின் தலை போய்விடும்.

குறைகளும் உண்டு. ஒதுங்கிய இடம் என்பதால் கழிப்பறைக்கு நடக்க வேண்டியிருக்கும். சில முகாம்களில் தரை சரிவு, சமமான இடம் இரண்டு மூன்றுதான், மாலை நாலரைக்கு வந்தவர் பிடித்துக்கொள்வார். ஸிட்கா ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தடி பகலில் குளுமை, ஆனால் பனிமூட்டம் அந்த இலைகளில் தங்கி இரவெல்லாம் சொட்டும். வானத்தில் மழை இல்லாமலே டென்ட் நனைந்திருக்கும். வெளியுறையை இழுத்துக் கட்டாவிட்டால் அது உட்துணியில் ஒட்டி ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாடு ஈரமாகும். ஜூலையிலும் இரவு 10 டிகிரிக்கு இறங்கும் என்பதால் ஈரமான இறகுப் பையோடு படுப்பது விளையாட்டல்ல, செயற்கைப் பஞ்சு வைத்த பை இந்தக் கரைக்கு உகந்தது. மண் பல இடங்களில் மணல் கலந்த இலைமக்கு, மெல்லிய கம்பி முளை நிற்காது. ஒய் வடிவ முளையில் ஆறு எடுத்துப்போனால் போதும். சாலை இரைச்சலையும் சொல்ல வேண்டும். பெவர்லி பீச்சில் முகாமுக்கும் கடலுக்கும் நடுவே நெடுஞ்சாலை பாலத்தின்மேல் போகிறது, பாலத்துக்குக் கீழே நடந்துதான் மணலுக்குப் போக வேண்டும். லேசாகத் தூங்குகிறவர்கள் காதடைப்பான் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரக்கூன் வரும் சத்தமும் அதில் அடைபட்டுவிடும், அதனால் சாப்பாட்டைப் பத்திரமாகக் கட்டி வைத்துவிட்டு அதைக் காதில் செருகுங்கள்.

இனி ரக்கூன். பூனையைவிடக் கொஞ்சம் பெரிது, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வாலில் வளையங்கள். அதன் முன்னங்காலைப் பார்த்தால் ஏன் இவ்வளவு தொல்லை என்று புரிந்துவிடும். ஐந்து விரலும் தனித்தனியாக நீண்டு, குழந்தையின் கைபோல விரியும். பார்வையைவிடத் தொடுவுணர்வை நம்பித் தேடுகிற பிராணி அது. விரல் நனைந்தால் அந்த உணர்வு இன்னும் கூர்மையாகிறது என்று ஆய்ந்து கண்டிருக்கிறார்கள். நனைந்த கரை, இருட்டு, ஜிப் வைத்த பை, மூன்றும் அதற்கு வசதியானவை. ஜிப்பின் இழுப்பானைப் பிடித்து இழுக்கவும் தெரியும், இழுக்க வரவில்லையென்றால் துணியைக் கடித்துக் கிழிக்கவும் தெரியும். சுருட்டி மூடும் பக்கப்பைகள் மழையைத் தடுக்கும், பல்லைத் தடுக்காது. காலையில் பார்த்தால் பையின் மேல்விளிம்பில் இரண்டு மூன்று துளைகள், பக்கத்தில் ஓட்ஸ் உறை.

துளை விழுந்தால் ஒட்டும் விதமும் பையின் துணியைப் பொறுத்தது. ஆர்ட்லீப் கிளாசிக் போன்ற பளபளப்பான பைகள் பிவிசி பூசியவை, அவற்றுக்கு டேர்-எய்ட் டைப் பி ஒட்டுத்துண்டு வேண்டும். மங்கலாக, துணிபோலத் தெரியும் கோர்டுரா பைகளுக்கு டைப் ஏ. மாற்றி ஒட்டினால் நிற்காது, சில நாளில் ஓரம் சுருண்டு எழும். ஆல்கஹால் துணியால் எண்ணெயும் அழுக்கும் போகத் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, மூலைகளை வட்டமாக வெட்டிய துண்டை உட்புறமும் வெளிப்புறமும் வைத்துக் கரண்டிக் காம்பால் அழுத்தித் தேயுங்கள்.

ஒட்டுவதைவிடக் கடிபடாமல் காப்பது மேல். அதற்கு நாங்கள் சிபாரிசு செய்வது பேர்வால்ட் நிறுவனத்தின் பிவி450, கரடிக்கென்று செய்த கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா. கொள்ளளவு 7.2 லிட்டர், எடை 930 கிராம் அளவு. இரண்டரை, மூன்று நாள் சாப்பாடு ஒருவருக்கு அடங்கும். இதே நிறுவனத்தின் பிவி500 11.5 லிட்டர் கொள்ளும், ஆனால் இந்த வழியில் அது வீண்பாரம். டில்லமுக், நியூபோர்ட், ஃப்ளோரன்ஸ், கூஸ் பே, ப்ரூக்கிங்ஸ் என்று இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஃப்ரெட் மேயர் பேரங்காடி வந்துவிடுகிறது. ஒரு வாரச் சரக்கைச் சுமக்க வேண்டிய காடல்ல இது.

டப்பாவில் எரிச்சலூட்டுவது இரண்டு. குளிரில் பிளாஸ்டிக் விறைத்து, மூடியைப் பூட்டும் முட்டு விரலுக்கு மசியாது. பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை முட்டுக்கும் மூடிக்கும் நடுவே செருகித் திருப்பினால் திறந்துகொள்ளும். இரண்டாவது, வழுவழுப்பு. பின் ரேக்கின்மேல் படுக்கவைத்துக் கட்டினால் பத்து கிலோமீட்டரில் நழுவி ஒருபக்கம் தொங்கும். பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டி விரித்து ரேக்கின்மேல் சுற்றிவிட்டு, அதன்மேல் டப்பாவை வைத்து வோய்லே என்னும் இழுபடும் கட்டுப்பட்டை இரண்டால் இறுக்கினால் அசையாது. கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டாம், பள்ளத்தில் குதித்து எழும்போது கொக்கி கழன்று ஆரக்கம்பிக்குள் போகும். இரவில் டப்பாவை டென்ட்டிலிருந்து முப்பது நாற்பது அடி தள்ளி, இரண்டு வேருக்கோ கட்டைக்கோ நடுவே தலைகீழாகச் செருகிவையுங்கள். கரடி நடமாட்டம் இருப்பதாகப் பூங்காவில் சொன்னால் நூறு அடி தள்ளுங்கள். கயிறு எதையும் அதில் கட்டக் கூடாது, கட்டினால் இழுத்துக்கொண்டு போக நாமே பிடி கொடுத்ததாகும்.

எடையைப் பார்க்கிறவர்கள் அர்சாக் துணிப்பை வாங்குகிறார்கள், டப்பாவின் எடையில் பாதிகூட வராது. வாங்கினால் ஆல்மைட்டி வகையை வாங்குங்கள். மேஜர் என்பது கரடிக்காகச் செய்தது, எலி, அணில், ரக்கூன் போன்றவற்றின் சின்னப் பல்லுக்கு உத்தரவாதமில்லை. துணிப்பை கிழியாவிட்டாலும் உள்ளே இருக்கும் பிரெட்டும் வாழைப்பழமும் கூழாகும். கிளையில் தொங்கவிடுவது இங்கே சரிவராது. தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரமும் மரத்திலிருந்து இரண்டு மீட்டர் விலகலும் தரும் கிளை இந்த ஸ்ப்ரூஸ் காட்டில் லேசில் அமையாது, ரக்கூனோ நன்றாக மரமேறும். பூங்காவின் பூட்டுப்பெட்டியைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாமா என்றால், கதவோர இடுக்கை முதலில் பாருங்கள். சுண்டுவிரல் நுழைந்தால் எலியும் நுழையும்.

டப்பா வாங்கியும் ஏமாறுகிறவர்கள் சாப்பாடு என்று நினைக்காதவற்றை வெளியே விட்டிருப்பார்கள். பற்பசை, சோப்பு, உதட்டுக் களிம்பு, எலக்ட்ரோலைட் மாத்திரைக் குழல், ஜெர்சியின் முதுகுப் பையில் கசங்கிய ஜெல் உறை, டாப்-ட்யூப் பையின் அடியில் உதிர்ந்த வேர்க்கடலை. இனிப்புக் கரைசல் ஊற்றிய தண்ணீர் பாட்டிலின் வாய்முனையைக் கடித்துப் போட்டுவிடும், கழுவி வையுங்கள். நம் வீட்டுச் சரக்கு எடுத்துப்போகிறவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, நெய், பெருங்காயம் எல்லாம் ஜிப்லாக் பைக்குள் வாசனை அடங்காதவை. புளிக்காய்ச்சலின் எண்ணெய் சூட்டில் இளகிப் பையின் தையலில் இறங்கிவிட்டால் அந்தப் பக்கப்பை முழுப் பயணத்துக்கும் வாசனை வீசும். திருகு மூடி போட்ட சின்னப் புட்டியில், முக்கால் அளவு மட்டும் நிரப்பி, மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து இறுக்கி, நிமிர்த்தியே வையுங்கள். இரவில் அது டப்பாவுக்குள்ளேதான்.

ரக்கூன் எச்சத்தில் ஆளைக் கடுமையாகப் பாதிக்கும் உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கக்கூடும். மரத்தடி, கட்டை மேல் என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கழிக்கும் பழக்கம் அதற்கு. அந்த இடத்தில் டென்ட்டும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். கையில் தேய்க்கும் சானிடைசர் அந்த முட்டையைக் கொல்லாது, குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவுவதே வழி.

இவ்வளவு ஒழுங்காகக் கட்டி வைத்தபிறகு, இரவு எட்டு மணிக்கு ஒரு குரல் கேட்கும். பக்கத்து வளையத்திலிருந்து ஒரு பெரியவரோ தம்பதியோ, அலுமினியத் தாள் மூடிய தட்டோடு நிற்பார்கள். சுட்ட சால்மன், சோளக் கதிர், பாதித் தர்பூசணி, வேகவைத்த டஞ்சனஸ் நண்டு. 'எங்கிருந்து வருகிறீர்கள்? இவ்வளவு தூரமா? சாப்பிட்டீர்களா?' இந்தக் கரையில் இது அபூர்வமில்லை. ஆர்வியில் வருகிறவர்கள் நிறையச் சமைக்கிறார்கள், சைக்கிளில் வந்தவர் எவ்வளவும் சாப்பிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும், சைக்கிள்காரரின் ஊர்க்கதை கேட்க அவர்களுக்கு ஆசை. வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்பட்டு மறுத்தால் அவர்கள் முகம் வாடிப்போகும்.

ஆனால் சிக்கல் வருவதும் இந்த நேரத்தில்தான். டப்பா ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மிஞ்சிய பாதித் தர்பூசணிக்கு உள்ளே இடமிருக்காது. மேசையில் மூடிவைத்தாலோ டென்ட்டின் வாசல் முற்றத்தில் வைத்தாலோ இரவு ஒன்பதரைக்கு அது ரக்கூனுடையது. அடுத்த நாள் அந்த மேசைக்கு வரும் முன்பின் தெரியாத ஒருவரின் பையையும் அதே ரக்கூன் அதே நம்பிக்கையோடு திறக்கும். அதனால் இப்படிச் செய்யுங்கள். அவர்கள் நிற்கும்போதே ஒரு தட்டு எடுத்துச் சாப்பிடத் தொடங்குங்கள். மீதியைக் கையோடு திருப்பிக் கொடுத்து, 'உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லுங்கள். ஆர்வியில் ஃப்ரிட்ஜ் உண்டு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, காரணத்தைச் சொன்னால் தலையாட்டுவார்கள். மறுநாள் காலையில் தர்பூசணியோடு காப்பியும் சேர்ந்து கிடைப்பதுதான் வழக்கம். டப்பாவில் ஒரு கைப்பிடி இடம் எப்போதும் காலியாக விட்டுவைப்பதும் நல்ல பழக்கம், இரண்டு ஆப்பிளோ நாலு பிஸ்கட்டோ அதில் அடங்கும். நண்டு தந்தால் ஓடு, எலும்பு எல்லாவற்றையும் அன்றிரவே நடந்துபோய்ப் பூங்காவின் மூடிபோட்ட பெரிய குப்பைத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். நெருப்புக் குழியில் போட்டால் எரிந்துபோகாது, வாசனைதான் ஊரைக் கூட்டும்.

பதிலுக்கு என்ன செய்வது? காசு நீட்டாதீர்கள், அது புண்படுத்தும். தட்டைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள். முகாமில் குழந்தைகளின் சைக்கிள்கள் நிறைய இருக்கும், பாதிக்கு மேல் காற்றில்லாமல், செயின் வறண்டு கிடக்கும். உங்களிடம் பம்பும் ஒட்டுத்துண்டும் எண்ணெயும் இருக்கின்றன. 12, 16 அங்குலச் சக்கரங்களில் கார் டயரில் இருப்பதுபோன்ற ஆட்டோ வால்வு இருக்கும் என்பதால், உங்கள் சைக்கிளில் மெல்லிய ப்ரெஸ்டா வால்வு இருந்தால் பம்பின் தலை இரண்டு வகைக்கும் பொருந்துமா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

முகாமுக்கு ஒரு கேம்ப் ஹோஸ்ட் இருப்பார். சம்பளமில்லாத தொண்டர், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர், தன் ஆர்வியிலேயே ஒரு மாதமோ அதற்கு மேலோ அங்கே தங்கியிருப்பார். விறகு விற்பது அவர் வேலையில் ஒன்று, ஆனால் அவரிடம் இருக்கும் பெரிய சரக்கு தகவல். எந்த மேசையைச் சுற்றி ரக்கூன் அதிகம், கரடி அண்மையில் வந்ததா, நாளைக் காலை எங்கே சாலை வேலை என்று கேளுங்கள். வந்தவுடன் ஒரு வணக்கம் சொல்லி வைத்தால், இரவு மழையில் டென்ட் கம்பு ஒடிந்தாலும் கதவைத் தட்ட ஓரிடம் இருக்கும்.

சாலையில் பெரும்பாலான ஓட்டுநர்கள் பொறுமைசாலிகள். ஆனால் மரம் ஏற்றிய லாரிக்கும் வாடகை ஆர்வியின் துருத்திய கண்ணாடிக்கும் பொறுமை மட்டும் போதாது, இடமும் வேண்டும். பின்பார்வைக் கண்ணாடி இந்த வழிக்குக் கட்டாயம். ஆர்ச் கேப் சுரங்கம் சுமார் 370 மீட்டர், தெற்கே போகும்போது ஏற்றம். வாசலில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் 'உள்ளே சைக்கிள்' என்று எச்சரிக்கும் விளக்கு மின்னத் தொடங்கும். ஹெசெட்டா ஹெட் அருகிலுள்ள கேப் க்ரீக் சுரங்கத்திலும் இதே ஏற்பாடு. அழுத்தியவுடனே நுழையாமல், பின்னால் வரும் கூட்டத்தை முதலில் போகவிட்டு இடைவெளி பார்த்து நுழையுங்கள். மற்ற வண்டிகள் நெருங்க முடியாதபடி பின்னால் ஒரு கார் அபாய விளக்குப் போட்டு மெதுவாகவே தொடர்ந்தால் அது உங்களுக்குக் காவலாக வருகிறது என்று பொருள். பதறி ஓரத்துக்கு ஒதுங்காதீர்கள், வெளியே வந்ததும் கையைத் தூக்கி நன்றி காட்டினால் போதும்.

மூன்று நாள் விடாத மழை வந்தால் கூரை தேட வேண்டியிருக்கும். 1993-இல் தொடங்கிய வார்ம்ஷவர்ஸ் என்னும் பரஸ்பர விருந்தோம்பல் வலை சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு மட்டுமானது. வீட்டுக்காரர் படுக்கையோ தோட்டத்தில் டென்ட் இடமோ குளியலோ தருவார், காசு வாங்க மாட்டார். புதிதாகச் சேருகிறவர்களிடம் அமைப்பு கட்டணம் வாங்குகிறது. நம்பகத்தில் இதற்கு நல்ல மதிப்பெண் தரலாம், ஆனால் சின்னக் கடலோர ஊர்களில் வீடுகள் விரல்விட்டு எண்ணும்படிதான். இரண்டு மூன்று நாள் முன்பே எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த ஊரிலிருந்து என்பதோடு சைவமா அசைவமா என்பதையும் முதல் கடிதத்திலேயே சொல்லுங்கள். இறைச்சியைச் சமைத்துவைத்துக் காத்திருப்பவர் முன் போய்ச் சொல்வது இருவருக்கும் சங்கடம். தாமதமானால் உடனே தெரிவியுங்கள். வரவில்லை என்று சொல்லாமல் விட்டுவிடுவதுதான் இந்த வலையைத் தேய்க்கிற பெரிய கேடு.

மற்ற உயிர்களில் பெரும்பாலானவை பார்த்து மகிழ வேண்டியவை. டெப்போ பே என்னும் ஊரைச் சுற்றிய கரையில் கோடை முழுக்கச் சாம்பல் திமிங்கிலங்கள் இரை தேடும், ஏறத்தாழ 200 திமிங்கிலங்கள் ஆர்க்டிக் வரை போகாமல் வட கலிஃபோர்னியாவிலிருந்து கனடாவரையிலான கரையோரத்திலேயே கோடையைக் கழிக்கின்றன. காற்று எழுமுன் காலையில் பார்த்தால் மூச்சுத் தாரை தெரியும். மழை நாளில் சாலையில் ஊர்ந்துபோகும் பழுப்பு நியூட் (பல்லிபோலத் தெரியும், தவளை இனத்துக்கு உறவான பிராணி) ஒன்றை மட்டும் வெறுங்கையால் எடுக்காதீர்கள். முதுகு சொரசொரப்பான பழுப்பு, வயிறு ஆரஞ்சு. அதன் தோலில் இருப்பது பேத்தை மீனில் இருக்கும் அதே டெட்ரோடாக்சின். 1979-இல் ஓரிகனில் பந்தயத்துக்காக ஒன்றை விழுங்கிய 29 வயது ஆள் அன்றே இறந்தார். நசுங்காமல் காப்பாற்ற நினைத்தால் ஒரு இலையாலோ குச்சியாலோ, அது போய்க்கொண்டிருந்த பக்கமே தள்ளிவிடுங்கள். பானையிலும் தண்ணீர் பாட்டிலிலும் இரவில் ஏறிக்கொள்ளும் வாழைப்பழ நத்தை என்னும் ஓடில்லாத மஞ்சள் நத்தை தீங்கு செய்யாது, ஆனால் அடுப்பைப் பற்றவைக்குமுன் பானைக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரூஸ்வெல்ட் எல்க் மான் வேறு சங்கதி. ஆண் 400 கிலோவைத் தாண்டக்கூடியது. ரீட்ஸ்போர்ட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் கிழக்கே டீன் க்ரீக் புல்வெளியில் சாலையோரமாக நின்றே மந்தையைப் பார்க்கலாம். குறைந்தது 25 கெஜம் விலகியிருங்கள். மே, ஜூனில் குட்டியோடு இருக்கும் தாயும், செப்டம்பர், அக்டோபரில் இணை தேடும் ஆணும் எச்சரிக்காமலே பாயும். சாலையை மந்தை கடந்தால் நடுவில் புகாதீர்கள். கடைசி மான் கடந்தபிறகும் ஒரு நிமிடம் பொறுங்கள், பின்தங்கிய குட்டி ஒன்று அநேகமாக இருக்கும்.

ப்ரூக்கிங்ஸைத் தாண்டிக் கலிஃபோர்னியாவுக்குள் போனதும் சில விதிகள் மாறும். குளியலறை பல இடங்களில் காசு கேட்கும், ப்ரூக்கிங்ஸிலேயே 25 சென்ட் நாணயம் இருபது மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே முகாமில் தங்கும் இரவுகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கரடிக்காக வைத்த இரும்புப் பெட்டியில் சாப்பாட்டை வைப்பது இங்கே விருப்பமில்லை, விதி.

எல்லையிலிருந்து ஒருநாள் தூரத்தில் ப்ரேரி க்ரீக் ரெட்வுட்ஸ் பூங்காவின் எல்க் ப்ரேரி முகாம். அங்கே மேசையைத் தேடி வருவது பகலில் நீலமும் கறுப்புமான ஸ்டெல்லர் ஜே பறவை. காலையுணவின்போது ஒரு முழம் தள்ளி வந்து உட்காரும், பார்க்க அழகு. அந்தப் பூங்காவின் ரெட்வுட் மரங்களில் உயரே மார்பிள்ட் மர்ரலெட் என்னும் கடற்பறவை கூடு வைக்கிறது. கடலில் இரை தேடிவிட்டு, முதிய மரத்தின் பெருங்கிளையில் பாசி மெத்தைமேல் ஒரே ஒரு முட்டை இடும். அது எங்கே கூடு வைக்கிறது என்பதே நெடுங்காலம் யாருக்கும் தெரியாமலிருந்து, 1974-இல் கலிஃபோர்னியாவின் பிக் பேசின் பூங்காவில் மரமேறிக் கிளை வெட்டிய ஒருவர் கண்ணில் முதன்முதலாகப் பட்டது. 1992-இல் அழியும் ஆபத்துள்ள இனமாகப் பட்டியலில் சேர்த்தார்கள். மேசையில் சிந்தும் துணுக்குகளைத் தின்று ஜே கூட்டம் முகாமைச் சுற்றிப் பெருகும்போது, அந்த ஒற்றை முட்டையும் அவற்றின் கண்ணில் படுகிறது. அதனால்தான் அங்கே ஒரு துணுக்கும் விடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். சமைத்து முடித்ததும் மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். பெஞ்சுக்கு அடியில் விழுந்த ஓட்ஸையும் அரிசியையும் நெற்றி விளக்கைப் போட்டுப் பொறுக்குங்கள். பானை கழுவிய நீரை மரத்தடியில் ஊற்றாமல் கழுவுதொட்டியில் வடிகட்டி ஊற்றி, வடிகட்டியில் தங்கியதையும் துடைத்த துணியையும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துத் தாழ்ப்பாள் கொளுவியதைக் கையால் இழுத்துப் பாருங்கள்.